பதர் டீச்சர் ஆன கதை

எனக்குக் கோபம் வந்தால் பூதலூரில் நிற்காத ரயில்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும் என்பார் என் கணவர். இதை எழுதும்போதும் அதே கோபம்தான். பாதி அந்த ஏஐ மேல். மீதி என் மேல்.

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் காவ்யா என்று ஒரு பெண். வாயால் கேட்டால் பின்னக் கணக்கைப் பட்டென்று போடுவாள். தாளில் கொடுத்தால் எழுத்தெல்லாம் நகர்கிறது என்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி பாடத்தை ஏஐ மாற்றித் தரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். (சமோசாவும் கொடுத்தார்கள். நம்பிவிட்டேன்.)

போனில் கேட்டேன். மூன்று தரத்தில் கணக்குத்தாள் தந்தது. தரத்துக்குப் பெயர் வேண்டும், பிள்ளைகள் மனம் நோகக்கூடாது, நம்மூர் வாசனை வேண்டும் என்றேன். விதை, நாற்று, கதிர் என்றது. அடடா, என்ன அறிவு என்று அதைக் கொஞ்சாத குறை! தாளின் தலையில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன்.

சுற்றிலும் நெல் விளைகிற ஊரில் இந்த வித்தையைக் காட்டியிருக்கிறேன் பாருங்கள்! கதிர்த்தாள் வாங்கியவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். காவ்யாவுக்கு விதைத்தாள். இடைவேளைக்குள் விதைக்கும் கீழே ஒரு தரத்தைக் கண்டுபிடித்து, காவ்யாவுக்குச் சூட்டிவிட்டார்கள். பதர். தூற்றும்போது காற்றில் பறக்குமே, உள்ளே ஒன்றுமில்லாத நெல், அது.

மறுநாள் காவ்யா வரவில்லை. நர்ஸாக இருக்கும் அவள் அம்மா, யூனிஃபார்மோடு நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

"எழுத்து நகருதுன்னு அவளே அழுதுட்டு இருக்கா. நீங்க தாள்ல பட்டப்பேரு அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க. இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேங்கிறா. நல்லா இருக்குங்களா டீச்சர்?"

"நான் இல்லைங்க, ஏஐதான்..." என்றேன். (த்தூ! இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.)

"அப்ப அதை வரச் சொல்லுங்க. அதுகிட்டயே பேசிக்கிறேன்."

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். காவ்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி உனக்குக் கணக்கை வாசித்துக் காட்டுகிறேன், நீ வாயாலேயே விடை சொல் என்றேன். அது மட்டும் போதாது என்றாள்.

"வேற என்னடி வேணும்?"

"ஒரு நாள் எல்லாரும் உங்கள பதர்னு கூப்பிடணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தால் மறுபடி ஏஐ என்று உளறிவிடுவேனோ என்ற பயத்தில் சரியென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் மணியடிக்கும் முன்பே காவ்யா வந்து, எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "குட் மார்னிங், பதர் டீச்சர்!" வகுப்பே எழுந்து கத்தியது. அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

ஒரு நாள் என்றுதான் பேச்சு. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்றும் பள்ளி முழுக்க எனக்கு அதுதான் பெயர். வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால் கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். போன வாரம் பொறுக்கமாட்டாமல் காவ்யாவையே பிடித்து, எப்போதடி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன்.

"என்னை இன்னும் ரெண்டு பேரு அப்படித்தான் கூப்பிடுறாங்க டீச்சர். மொதல்ல அவங்க நிறுத்தட்டும்" என்றாள்.