எஞ்சினுக்கு விளக்கு வைத்த கதை

“எழுத்தைப் படிச்சவ எஞ்சினைப் படிப்பாளா?” என்று பெரியப்பா ஒருநாள் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். சுருக்கென்றது எனக்கு. சங்ககிரிக்குத் தெற்கே எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். “கொண்டாங்க பெரியப்பா, படிக்கிறேன்” என்றேன். (என் வாய் மட்டும் எனக்கு முன்பே பட்டம் வாங்கியிருந்தது.)

எஞ்சின், ஏற்காட்டில் காபித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் அப்பா வாங்கியது. கிணற்றுத் தண்ணீர் இறைக்க. கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் பித்தளையில் ஒரு பம்பு விளக்கு, ஒரு புத்தகம்.

அப்பா என்னை மெட்ராசுக்குக் கல்லூரிக்கு அனுப்பப் பார்த்தார். பெரியப்பா திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை பார்த்தார். கடைசியில் பெரியப்பாவே அப்பாவிடம் ஒரு வழி சொன்னார். “உன்ற புள்ள புஸ்தகத்தப் படிச்சு எஞ்சினு ஓடுச்சுன்னா மெட்ராசுக்குப் போகட்டும். ஓடலையா, வெள்ளிக்கிழமை மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வாராங்க.”

அன்று மத்தியானம் புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் பல இடங்களில் ‘ஓ’வின் குறுக்கே ஒரு கோடு. அச்சுக்காரன் தப்பாகப் போட்டுவிட்டு அடித்திருக்கிறான் என்று நினைத்தேன். துரைகள் எல்லோரும் இங்கிலீஷ்காரர்கள், துரை வைத்திருக்கும் புத்தகம் இங்கிலீஷ் புத்தகம். எங்கள் ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. படித்த எனக்கும் கிடையாது.

“என்ன அம்மிணி, முழிக்கிற?” என்றார் பெரியப்பா.

“இது கொஞ்சம் பழைய இங்கிலீசுங்க. புது இங்கிலீசுல எழுதிக்கிட்டுத்தான் தமிழுல சொல்லோணும்.”

அப்பா பெருமையாக ஒரு நோட்டு வாங்கிவந்தார்.

பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் வந்தது: குளோதெஹோவெத். அகராதியில் இல்லை. படத்தில் அந்தச் சொல்லிலிருந்து புறப்பட்ட அம்பு, எஞ்சின் உச்சியில் வெங்காயம் போலிருந்த இரும்புக் குமிழில் போய் முட்டியது. குமிழின் கீழே பெட்டியிலிருந்த அதே பித்தளை விளக்கு, தீயோடு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோட்டில் எழுதினேன்: ‘லாம்ப் ஸ்டாண்ட்’. இருட்டில் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு வெளிச்சம்.

வியாழக்கிழமை காலை எஞ்சினுக்குப் பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஊரே கிணற்றடியில் நின்றது. அப்பா பித்தளை விளக்கை எடுத்துக்கொண்டு, “இதப் பத்த வெக்கறதா சாமி?” என்று என்னைக் கேட்டார்.

“பகலுல வெளக்கு எதுக்குங்க?” என்று சிரித்தேன். ஊரும் சிரித்தது.

நாலு பேர் சக்கரத்தைச் சுற்றினார்கள். எஞ்சின் புஸ் என்றது. மறுபடி நாலு பேர். மறுபடி புஸ். மத்தியானம் கம்மங்கூழ் குடித்துவிட்டு வந்து சுற்றினார்கள். பெரியப்பாவே தலையிலிருந்த உருமாலையை அவிழ்த்துச் சக்கரத்தின் ஆரக்காலில் முடிந்துவிட்டு ஒரு கை பிடித்தார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேருக்குத் தோள் கழன்றுவிட்டது. நான் மணப்பெண்ணாக என்னைக் கற்பனை செய்து பார்த்தேன், சகிக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. பெரியம்மா வந்தாள். “ஏனுங்க, வெளக்கு வெக்கிற நேரமாச்சுங்களே. மாட்டுக் கொட்டாய்க்கு வெச்சாச்சு, களத்துக்கு வெச்சாச்சு. சாமி கும்புட்ட எஞ்சினை இருட்டுல போட்டு வெப்பாங்களா?”

புத்தகத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே விளக்கை வைத்து, ஸ்டவ்வுக்கு அடிப்பதுபோல் பம்பு அடித்துப் பற்ற வைத்தாள். அது சீறிக்கொண்டு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரும்பு வெங்காயம் கருஞ்சிவப்பாகப் பழுத்தது.

“அய்யோ, எஞ்சினுக்குக் காய்ச்சலு!” என்று ஒருவர் கத்தினார்.

“கடேசியா ஒருக்கா சுத்திப்போட்டு ஊட்டுக்குப் போலாம்” என்றார் பெரியப்பா.

சுற்றினார்கள். டமார்! மாலை ஒரு பக்கம் பறந்தது. பெரியப்பாவின் உருமாலை இரண்டு சுற்றுச் சுற்றிக் கிணற்றுக்குள் போனது. டுப் டுப் டுப் என்று எஞ்சின் ஓட, என் கல்லூரியே தண்ணீராகக் கொட்டுவதுபோல் இருந்தது எனக்கு. துள்ளிக் குதித்தேன்.

அப்போதுதான் ஒருவர் சொன்னார்: மடையை யாரும் திறக்கவில்லை. தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி வழிந்து, பெரியப்பா களத்தில் காயப்போட்டிருந்த நிலக்கடலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“நிறுத்து! நிறுத்தறது எந்தப் பக்கத்துல போட்டிருக்குது, அம்மிணி?”

புரட்டினேன். முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால். பிறகு அழுதுகொண்டே சொன்னேன். “பெரியப்பா, இது இங்கிலீசே இல்லீங்க.”

“பின்ன என்ன பாஷை?”

“தெரியாதுங்க.”

எஞ்சின் எண்ணெய் தீரும்வரை ஓடித் தானாக நின்றது. அதற்குள் கடலை மிதந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் போயிருக்கும் என்று நான் முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா புது உருமாலை கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “ஓட வெச்சுப்போட்டா. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா நிறுத்தத் தெரியல. அவ போயி அதையும் படிச்சுப்போட்டு வரட்டும். அதுவரைக்கும் மாப்பிள்ளையெல்லாம் வேண்டாம், ஊடு தாங்காது.”

மெட்ராசுக்குப் போகும் வழியில் புத்தகத்தை அஸ்தம்பட்டியில் ஒரு வெள்ளைக்கார நர்சம்மாவிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அது அவருடைய தாய்மொழி, டேனிஷ். ‘ஹோவெத்’ என்றால் தலையாம்; முன்னால் இருக்கும் ‘குளோதெ’ என்றால் தணல்போலக் கனல்வது. கனல் தலை. தீ மூட்டி அதைப் பழுக்கவைத்தால்தான் எஞ்சின் பிடிக்கும். இங்கிலீஷில் அதற்கு என்ன பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு கல்லூரி நூலகத்தில் ஒரு வாரம் தூசி தின்று கண்டுபிடித்தேன்: ‘ஹாட் பல்ப்’. இங்கிலீஷ்காரர்கள் தலையை விட்டுவிட்டுக் குமிழைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நோட்டில் ‘லாம்ப் ஸ்டாண்டை’ அடித்துவிட்டு அதை எழுதினேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்றால், “அடியில வெளக்கு வெய்யுங்க, எந்திரிக்கும்” என்பார் பெரியப்பா. லீவுக்குப் போனால் முதல் இரண்டு நாள் அது எனக்குத்தான்.

இன்டர்மீடியட் தேறிவிட்டேன். அடுத்தது இன்ஜினீயரிங் கல்லூரி. பெண்களைச் சேர்ப்போம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மாட்டோம் என்றும் விண்ணப்பத்தில் அச்சடிக்கவில்லை. ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில், தமிழ், ஆங்கிலம், டேனிஷ் (ஒரு சொல்) என்று நிரப்பி, போன திங்கட்கிழமையே தபாலில் சேர்த்துவிட்டேன்.