பாதி வீடு அசீரியனுக்கு

யூதேயத் தாழ்மலைகளில் எத்தனையோ ஊர்கள் எரிந்திருக்கின்றன. ஆனால் தெல் ஷமீராவைப் போல இவ்வளவு பொறுப்பாக, ஆலோசனை நடத்தி, ஏகமனதாக அழிக்கப்பட்ட ஊர் வேறெதுவும் கிடையாது.

அந்த ஊர் புதைந்து கிடந்த மேட்டை இரண்டு தொல்லியல் பேராசிரியர்கள் பங்கு போட்டுத் தோண்டினார்கள். வடபாதி ஹனோக்குடையது, அவர் கணக்கில் அங்கே ஊரை எரித்தது அசீரியப் படை. தென்பாதி உஸியேலுடையது, அவர் கணக்கில் அங்கே எரித்தது நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து வந்த பாபிலோனியப் படை. ஏற்பாடு சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வீடு வெளிப்பட்டுத் தொலைத்தது.

கருகிய செங்கல்லைச் சோதித்துக் காலம் சொல்லும் திர்ட்சாவை அழைத்தார்கள். மண் சுடுபடும்போது அன்றைய பூமியின் காந்தத் திசை அதற்குள் பதிந்துவிடும். செங்கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்கு உத்தியோகக் கவலையும் இல்லை. திர்ட்சாவின் வேலை நிரந்தரமாக இந்த இருவரும் சிபாரிசு செய்தாக வேண்டும்.

தகரக் கொட்டகையில், தர்பூசணியும் பாலாடைக்கட்டியும் சாட்சியாக, 'உயர்மட்ட ஆலோசனை' கூடியது.

"எல்லாக் கல்லும் ஒரே திசையைத்தான் காட்டுது. ஒரே நெருப்பு, ஒரே நாள்," என்றாள் திர்ட்சா. "எந்த வருஷம்னா..."

"வருஷம் வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"பாரு கண்ணு," என்றார் ஹனோக். "வடக்குப் பாதி முதல்ல எரிஞ்சுது. தெற்குப் பாதியில அவங்க பாட்டுக்குக் குடியிருந்தாங்க."

"பாதிக் கூரையோடயா? நூறு வருஷமா?"

"எங்க குடியிருப்புச் சங்கம் கூரையைப் பழுது பார்க்கிற லட்சணம் உனக்குத் தெரியாது."

"பருப்புச் சட்டி இருக்கே! வாய் உங்க பக்கம், அடி அவர் பக்கம். சேர்த்தா அச்சாப் பொருந்துது. உள்ள பருப்பு அரைவேக்காடு."

"நிதானமா வெந்திருக்கும்," என்றார் உஸியேல்.

ஹனோக்கின் கட்சியை அவர் பேசியது அதுவே முதல் தடவை. இருவரும் கண்கலங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

'இரண்டு அழிவுகள்' என்று அறிக்கை தயாரானது. இருவரும் கையெழுத்திட்டுத் திர்ட்சாவிடம் நீட்டினார்கள். அன்று சட்டியை அடுப்பிலேயே விட்டு ஓடியவளை அவள் நினைத்தாள். பிறகு வேலையை நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"இனி இந்த ஊரை எவனாலும் அசைக்க முடியாது!" என்று ஹனோக் அவளுக்கு ஒரு தர்பூசணித் துண்டு கொடுத்தார்.

"மூணாவது அழிவைச் சேர்க்கலையே," என்றாள் திர்ட்சா.

"மூணாவதா? யாரு, ரோமானியனா? எப்போ?"

"இன்னிக்கு. இப்பத்தான்."

"ஆதாரம்?" என்றார் உஸியேல்.

"அறிக்கைக்கு அடியில மூணு கையெழுத்து இருக்கு. கடைசி என்னோடது."