திருட முடியாத வண்டி

என் புது மோட்டார் சைக்கிளை எவனும் தொடக்கூடாது என்று சபதம் எடுத்தேன். எடுத்த நாளிலிருந்து நானும் தொடவில்லை.

காரணம் எதிர்வீட்டு டெய்லர். பட்டப்பகலில், வாசலில் நின்ற அவருடைய வண்டி காணாமல் போனது. பூட்டு மட்டும் பத்திரமாகக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து ஆபீசுக்குப் பஸ்ஸில் போனேன். என் வண்டி மாடிப்படிக்குக் கீழே போர்வை போர்த்திக்கொண்டு காய்ச்சல்காரன் மாதிரி நின்றது. அதன் ஒரிஜினல் பேப்பர்களை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். பேப்பர் இல்லாமல் திருடன் அதை எப்படி விற்பான், பார்க்கலாம்.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவிக்கு ஒரு வேலை வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்த அதே வேலைதான். அப்புறமும் என்னிடம் எடுத்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது அதற்கு வண்டி லைசென்ஸ் வேண்டுமாம். உங்கள் வண்டியில் கற்றுக்கொள்கிறேன் என்றாள். வண்டி கனம், உனக்குக் கால் எட்டாது, சாலையெல்லாம் மோசம் என்று அடுக்கினேன். கீறல் விழுந்துவிடுமே என்ற பயத்தை மட்டும் சொல்லவில்லை.

திருடனிடமிருந்தும் மனைவியிடமிருந்தும் சேர்த்துக் காப்பாற்ற ஒரு சென்சார் வாங்கினேன். மெக்கானிக் வீட்டுக்கே வந்து சீட்டுக்கு அடியில் பொருத்தினார். வண்டியை யாராவது அசைத்தால் என் போன் அலறும். வண்டி போகுமிடத்தைச் சிவப்புப் புள்ளி காட்டிக்கொடுக்கும். ஆரம்பத்தில் பூனை ஏறினால் அலறியது. குப்பை லாரி போனால் அலறியது. மேலதிகாரி என்னைத் திட்டும்போது அலறியதில் அவரே பயந்து பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு பகல் நேரத்தில் சத்தமே இல்லை. பூனைகூட அடங்கிவிட்டது பார் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். ஆமாம் என்றாள். அவள் ஆமாம் என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு நாள் ஆபீசில் போன் மறுபடியும் அலறியது. பார்த்தால் புள்ளி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"பதறாதீங்க. அந்தப் பேப்பரையெல்லாம் எடுத்துக்கிட்டு, புள்ளி எங்க நிக்குதோ அங்க வாங்க. வண்டி உங்களதுன்னு காட்டணும்ல."

என்ன சமயோசிதம் என்று மெச்சிக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். 'போங்க' என்று சொல்லாமல் 'வாங்க' என்றாளே, அது எனக்கு உறைக்கவில்லை.

புள்ளி ஒரு மைதானத்தில் போய் நின்றது. லைசென்சுக்கு ஓட்டிக் காட்டும் மைதானம். திருடன் என் வண்டியில், கால் ஊன்றாமல், அழகாக எட்டு போட்டுக்கொண்டிருந்தான். விடாதே பிடி என்று கத்த வாயைத் திறந்தேன். திருடன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பின்னல் விழுந்தது. எனக்குத் தெரிந்த பின்னல்.

கால் எட்டாது என்றேன். எட்டே போட்டுவிட்டாள்.

மைதானத்து அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கதான் ஓனரா? பேப்பரோட நீங்க நேர்ல வந்தாத்தான் லைசென்ஸ்னு சொல்லியிருந்தேன்" என்று கை நீட்டினார். நீட்டிய கையில் கொடுத்தேன்.

அப்புறம்தான் கதை முழுசாகத் தெரிந்தது. பொருத்திய அன்றைக்கே மெக்கானிக்கிடம் சொல்லித் தன் போனையும் சென்சாரோடு இணைத்துக்கொண்டாளாம். நான் பஸ் ஏறியதும் அலாரத்தை அணைத்துவிட்டு, பீரோவில் இருந்த இன்னொரு சாவியால் வண்டியைக் கிளப்புவாளாம். ஓட்டக் கற்றுக்கொடுத்தது டெய்லராம்; இன்றைக்கு அவளைப் பின்னால் உட்காரவைத்து மைதானத்தில் கொண்டுவந்து விட்டதும் அவர்தானாம். வண்டி இல்லாமல் அவருக்குக் கை நமநமவென்று இருந்ததாம். இன்றைக்கு மட்டும் வேண்டுமென்றே அலாரத்தை அணைக்கவில்லையாம்.

"சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றேன்.

"எனக்கு லைசென்ஸ்னு சொன்னா உங்களுக்கு மீட்டிங் இருந்திருக்கும். வண்டிக்கு ஒண்ணுன்னாத்தான் ஓடி வருவீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வரவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி குலுங்காமல் கிளம்பியது. பாதி வழியில் அவள் திரும்பாமலே சொன்னாள்.

"என்னைக்காவது உங்களுக்கு வண்டி வேணும்னா, முன்னாடியே சொல்லிடுங்க."