மயிலிட்டிச் சம்மாட்டியாரின் மகா கிருமி

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதையாவது கண்டுபிடித்துவிடும் ஆசை வரும். எனக்கு அது சேர்ந்த கிழமையே வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடம். சொந்தப் படகுகள் வைத்து மீன்பிடிக்கும் மயிலிட்டிச் சம்மாட்டியார் ஒருவருக்கு மீன்முள் குத்திக் கால் புண்ணாகி, அதன் சீழ் சோதனைக்கு வந்திருந்தது. கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழைத் தட்டில் ஊற்றி, உறைந்ததும் கிருமியைப் பூசி, மேலே மருந்துப் பொட்டுகளை வைப்போம். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். கூழின் தடிப்பு நாலு மில்லிமீற்றர்தான் இருக்க வேண்டும். நானோ விருந்தாளிக்குப் பாயாசம் வார்ப்பதுபோல் விளிம்புவரை ஊற்றினேன். (குறைத்து ஊற்றினால் கஞ்சத்தனம் என்று சொல்லி வளர்த்த வீடு!)

மறுநாள் எல்லா வட்டங்களும் சுருங்கிக் கிடந்தன. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி! ஆய்வுகூடப் பொறுப்பு டொக்டர் வரும்வரைகூடப் பொறுக்காமல், அவர் படுத்திருந்த நோயாளர் விடுதிக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். சம்மாட்டியாரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். வீட்டார் அழுதார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகும் பேச்சும் எழுந்தது.

டொக்டர் அம்மா வந்தார். என் அதிசயத்தை விட்டுவிட்டுப் பக்கத்துத் தட்டைத் தூக்கினார். மருந்துக்கு ஒழுங்காகச் சாகும் கிருமி ஒன்றை, சோதனை சரிதானா என்று பார்க்கக் கூடவே வளர்ப்போம். அன்றைக்கு அதுவும் சண்டியனாகி இருந்தது.

“உந்தச் சாதுவே அடங்கேல்லையெண்டால் பிழை கிருமியிலை இல்லை. கூழ் எவ்வளவு ஊத்தினனீர்?”

“நிறைய... ஊத்தினனான், டொக்டர்.”

“தடிச்சால் மருந்து கீழை இறங்கிப்போகும். வட்டம் விரியாது.”

உடனே விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். “எங்கடை சோதனையிலை பிழை. நாளைக்குச் சரியான முடிவு தாறம்.”

‘எங்கடை’ என்றார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவரை இன்றைக்கும் கும்பிடலாம்.

மறு சோதனையில் சாதாரண மருந்துக்கே பெரிய வட்டம் விழுந்தது. செய்தி சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சம்மாட்டியாருக்கு வந்ததோ கோபம்.

“சாதாரண மருந்துக்கே சாகுமோ? என்ரை கிருமி ஒருத்தருக்கும் அடங்காதெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே!”

“அது தோத்தால்தான் ஐயா நீங்கள் கடலுக்குப் போகலாம்,” என்றார் டொக்டர், சிரிக்காமல்.

கட்டிலருகே நின்ற மகன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். (ஓம், பிறகு அவரைத்தான் கட்டினேன். கூழ் ஊற்றிய கதையையும் வீட்டில் நானே சொல்லிவிட்டேன்.)

இப்போதும் நான் தோசை வார்க்கும்போது கூடத்திலிருந்து மாமாவின் குரல் வரும்:

“மெல்லிசா ஊத்து பிள்ளை, தடிச்சால் மருந்து கேக்காது!”