மூக்கில்லாத ஒயினும் சம்பந்தியின் கிண்ணமும்

உலகத்தில் குடிக்கிறவர்கள் உண்டு, குடிக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு, ஐயா. அது முகர்ந்து பார்க்கும் இனம். தாகத்துக்குக் குடிக்காது, சந்தோஷத்துக்கும் குடிக்காது. அபிப்பிராயம் சொல்வதற்காக மட்டுமே குடிக்கும். அதிலும் முக்கால் பங்கைத் துப்பிவிடும்.

மாந்துவாப் பக்கம், போ என்கிற நதியின் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் இந்த இனத்துக்கு வேலையே இருக்கக் கூடாது. எங்கள் ஒயின் லாம்புரூஸ்கோ. கருஞ்சிவப்பாக இருக்கும், ஊற்றினால் நுரைக்கும், பன்றிக்கறியின் கொழுப்பைத் தொண்டையிலிருந்து கழுவி இறக்கும், மேஜைத் துணியில் பட்டால் போகவே போகாது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அவ்வளவுதான் என்று லோரிஸ் விட்டுவிடுவாரா?

லோரிஸ் பால் சங்கத்தில் பாலாடைக்கட்டிக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது வரை மனிதர் எல்லோரையும் போல ஒயினை விழுங்கிக்கொண்டுதான் இருந்தார். பிறகு நூலகத்து மாடியில் மூன்று செவ்வாய்க்கிழமை ஒயின் ரசனைப் பயிற்சி நடந்தது. வாசனைக்கு மூக்கு என்றும், நாக்கில் தங்கும் ருசிக்கு வால் என்றும் அங்கே பெயர். முடிவில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்குப் பிறகு, பூசணிக்காய் அளவுக்கு வயிறு வைத்த ஒரு கண்ணாடிக் கோப்பை இல்லாமல் அவர் மேஜைக்கு வருவதில்லை. கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், வெள்ளைத் துணிமேல் சாய்த்துப் பார்ப்பார், சுழற்றுவார், நுரை பொங்கிச் சட்டையில் வழியும், அதை லட்சியம் செய்யாமல் மூக்கைக் காது வரைக்கும் உள்ளே விட்டு, கண்ணை மூடி, எதிரே சோறு ஆறிக்கொண்டிருக்கிற ஆறு பேரையும் மறந்து மூச்சிழுப்பார். பசித்தவர்கள் காத்திருக்க வேண்டும்.

"நனைஞ்ச குதிரைச் சேணம்," என்பார் கடைசியில்.

"நீ எப்ப குதிரைச் சேணத்த நக்கிப் பாத்த?" என்று கேட்பாள் மனைவி இரிதே. சட்டைக் கறையை ஊறவைக்கிறவள் அவள்தானே.

பிறகு ஒரு வாய் உறிஞ்சி, அடைத்த சாக்கடை திறந்துகொள்வது போலச் சத்தம் எழுப்பி, துப்புவார். விஷயம் தெரிந்தவர்கள் விழுங்க மாட்டார்களாம். எங்கே துப்புவார்? கைக்கெட்டியதில். தொட்டி, பூச்செடி, ஒரு தடவை விருந்தாளியின் குடை. மூக்கு மேலோகத்தில் இருக்கும்போது கண் கீழே பார்ப்பதில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தவரை இரிதே பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் கத்தியாவுக்குக் கல்யாண நாள் குறிக்க, சம்பந்தி ஓரெஸ்தே முதல் தடவையாகச் சாப்பிட வருகிறார் என்றதும் அவள் முதல் வேலையாக வீட்டிலிருந்த குடைகளை எடுத்து உள்ளே வைத்தாள். ஓரெஸ்தே பன்றி வளர்க்கிறவர், தன் கையாலேயே லாம்புரூஸ்கோ போடுகிறவர், தங்கமான மனிதர். ரோஷம் மட்டும் கொஞ்சம் அதிகம். அவர் போட்ட சலாமியில், அதாவது பன்றித் தொத்திறைச்சியில், உப்பு தூக்கல் என்று கூடப்பிறந்த தம்பி சொன்னான். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

"அப்பா, அவர் தன் ஒயினக் கொண்டு வருவார். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. வேற எதுவும் சொல்லாத," என்றாள் கத்தியா.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை ஓரெஸ்தே ஆறு பாட்டிலோடு வந்தார். கல்யாணப் பந்தியில் இதுதான் ஓடப்போகிறது என்று சொல்லி, ஒன்றைத் திறந்து லோரிஸின் கோப்பையில் ஊற்றிவிட்டு, வண்டியில் மறந்த சலாமியை எடுக்க வெளியே போனார்.

அடுப்பங்கரை அலமாரியின்மேல் சூப் ஊற்றிய கிண்ணங்கள் வரிசையாக இருந்தன, ஒயின் ஊற்றுவதுதான் பாக்கி. குளிர்காலத்தில் எங்கள் வழக்கம் அது. உட்காருவதற்கு முன்னால், நின்றபடியே, பாதிக் கிண்ணம் சேவல் சூப்பில் நாலு கறிக் கொழுக்கட்டையைப் போட்டு, மேலே லாம்புரூஸ்கோவை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்போம். கலங்கிய ஊதா நிறம், பார்க்கச் சகிக்காது. குடித்தால் கால் நுனி வரை சூடு இறங்கும். பயிற்சிக்குப் பிறகு லோரிஸ் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று விட்டுவிட்டார்.

அவர் சுழற்றினார், முகர்ந்தார், உறிஞ்சினார், பக்கத்தில் இருந்ததில் துப்பினார். இன்னொரு வாய் உறிஞ்சி, மறுபடியும் துப்பினார். அது விருந்தாளி ஓரெஸ்தேவுக்கென்று முதலில் வைத்த கிண்ணம்.

இரிதே பார்த்துவிட்டாள். அவளுடைய இரண்டு கையிலும் கொதிக்கிற பானை. அதை இறக்கி வைப்பதற்குள் ஓரெஸ்தே உள்ளே வந்துவிட்டார்.

"சொல்லுங்க சம்பந்தி, எப்பிடி இருக்கு?"

கத்தியா அப்பாவையே பார்த்தாள். லோரிஸ் சட்டை வில்லையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"மூக்கு இல்ல. நடுவுல ஒரு ஓட்ட. வாலும் குட்ட."

ஓரெஸ்தே சலாமியை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"நீங்க ஒயினச் சொல்றீங்களா, நாயச் சொல்றீங்களா?"

ஓரெஸ்தே ஊதாவாகியிருந்த தன் கிண்ணத்தைப் பார்த்தார். "எனக்கு ஊத்தி வேற வச்சிருக்கீங்க. லாயக்கில்லாத ஒயின எனக்கு எதுக்கு ஊத்துனீங்க? சரி, இதக் குடிச்சிட்டுக் கெளம்புறேன். நாள் குறிக்கிறதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

கத்தியாவின் முகம் வெளுத்துப்போனது. ஓரெஸ்தேவின் கை கிண்ணத்தைத் தொட்டது. இரிதே அதைப் பிடுங்கினாள் என்றே சொல்ல வேண்டும்.

"இது ஆறிப்போச்சு சம்பந்தி, உங்களுக்குச் சூடா தர்றேன். லோரிஸ், நம்ம ஒயின வெறும் வாயில வச்சுத் தீர்ப்புச் சொன்னா அது என்ன நியாயம்? இதக் குடி. குடிச்சிட்டுச் சொல்லு."

"துப்பாம," என்றார் ஓரெஸ்தே.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்காம," என்றாள் இரிதே.

இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிபுணர் கிண்ணத்தை வாங்கினார். பழக்கதோஷத்தில் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் விழுங்கினார், புருவம் உயர்ந்தது. இன்னொரு வாய் விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பத்தான் இது வாயத் திறக்குது," என்றார். "என்ன ஒரு ஆழம். முன்ன பின்ன பழகின மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கு. எங்கேயோ போயிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி."

"வாலு?" என்றார் ஓரெஸ்தே.

"நீண்ண்ட வாலு."

இரிதே அடுப்புப் பக்கம் திரும்பி, ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்த ஓரெஸ்தே, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய் அழுகிறாள் என்று நினைத்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மே மாதத்துக்கு நாள் குறித்தார்கள். பந்தியில் அவர் ஒயினேதான்.

இன்றும் லோரிஸ் கோப்பையைச் சுழற்ற ஆரம்பித்தால் இரிதே பணிவாகக் கேட்கிறாள், "கிண்ணம் கொண்டு வரட்டுமா?" கடைசியில் இவளுக்கும் ரசனை வந்துவிட்டது என்று அவருக்குப் பெருமை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஒயின் பக்கமே போகாதவர் நீங்கள். ஆனால் இன்று காலை ஒரு வாய் காபியை நாக்கில் புரட்டி, "சிக்கரி கொஞ்சம் தூக்கல், பால் நேத்துப் பால்," என்று சொன்னது யார்? போன வாரம் கல்யாண வீட்டில் பிரியாணியை முகர்ந்துவிட்டு, அரிசியின் ஊரைச் சொன்னது யார்? காபிக்குத் தீர்ப்புச் சொன்னபோது அடுப்படியில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, கவனித்தீர்களா? நாளைக் காலை அவர் சிரித்த முகத்தோடு டம்ளரை நீட்டி, "குடிச்சிட்டு நீங்களே சொல்லுங்க" என்றால், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் இன்னும் உத்தமம்.