மச்சானிடம் மறைத்த பீம்

என்றும் என் மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் வீட்டு மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொண்டது. இந்த வரியை எழுதும் நேரம் வரை இங்கே நான், தங்கள் தங்கை, பையன், மருமகள், இரட்டைப் பேரன்கள் எல்லோரும் முழுசாக இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா, தங்கள் பல்லைப் பிடுங்கியாயிற்றா என்பதையெல்லாம் பிறகு நிதானமாக எழுதவும். முதலில் இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அக்காவிடம் காட்டினால் கால் மணி நேரத்தில் தங்கள் தங்கைக்குத் தெரிந்துவிடும். நம் இரண்டு வீட்டிலும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஹாலின் பின்பக்கச் சுவரை இடிக்கப் போகிறார்கள். மொத்தச் சுவரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடியில் தள்ளுகதவு போடுவதாக ஏற்பாடு. பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, பின்னால் அவ்வளவு செடி வைத்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று தங்கள் தங்கை சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, மருமகள் போனில் நாற்பது கதவுகளின் படத்தைக் காட்டிவிட்டாள். மறுநாளே ஒரு இன்ஜினியர் பெண் வந்து நின்றாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் தாங்கள் கைப்பட வரைந்து கொடுத்த பிளானைத் தங்கள் தங்கை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, "யாரும்மா வரைஞ்சது? அச்சடிச்ச மாதிரி இருக்கு. இதோ பாருங்க, சுவருக்கு மேல பீம் போகுது. மாடி பாரத்தை எல்லாம் பீம் தாங்கிக்கும், சுவரு சும்மாதான் நிக்குது. தாராளமா இடிக்கலாம்" என்றாள். "எங்க அண்ணன் வரைஞ்சது" என்று தங்கள் தங்கை பெருமையாகச் சொன்னாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மச்சான், அந்தச் சுவருக்கு மேல் பீம் இல்லை.

எழுதிவிட்டேன். வீடு கட்டும்போது தாங்கள் வேலை விஷயமாக ஒரு மாதம் வெளியூர் போனீர்களே, நினைவிருக்கிறதா? போகும்போது என் தோளில் கை வைத்து, "மாப்பிள்ளை, பின்சுவர் மேல பீமுக்குக் கம்பி கட்டின பிறகுதான் தளம் போடணும், கூடவே நில்லுங்க" என்று சொன்னீர்கள். கம்பி கட்டுகிறவர் நான்கு நாள் வரவே இல்லை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டையோ ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஒருவருக்குப் பேசிவிட்டார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நான் கொத்தனாரிடம், "இவ்ளோ தடிமனா சுவர் நிக்குதே, அதுக்கு மேல பீம் எதுக்கு? விட்டுட்டு வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் வேலையாக மூன்று நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தளம் போட்டாயிற்று. பிறகு பூச்சும் பூசிவிட்டார்கள். பூசின பிறகு எது சுவர், எது பீம் என்று யாருக்குத் தெரியும்? தாங்கள் வந்து, "பீம் போட்டாச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "போட்டாச்சு மச்சான்" என்றேன். இந்த நாக்கை என்ன செய்தாலும் தகும்.

அன்றிலிருந்து எனக்கு மாடியைப் பார்த்தாலே பயம். நான் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஆளைப் பார்த்தால் எடை சொல்லிவிடுவேன். இந்த வரம் வேறு எந்த மனிதனுக்கும் வர வேண்டாம். மாடிப்படியில் யார் ஏறினாலும் எனக்கு உள்ளே கணக்கு ஓடும். தங்கள் தங்கை ஆசைப்பட்ட இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்ற விடவில்லை. மருமகள் உடம்பைக் குறைக்க வாங்கி வந்த ட்ரெட்மில்லைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பையன் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாடியில் சேர்ந்து உட்கார்ந்தபோது, கீழே காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி ஒவ்வொருவராக இறக்கினேன். அன்று தாங்கள்கூட, "என்ன மாப்பிள்ளை, வந்தவங்களை விரட்டறீங்க?" என்று முகம் சுளித்தீர்கள். தங்களுக்கு எண்பத்தாறு கிலோ மச்சான், நான் என்ன செய்வேன்? இப்போது அந்தச் சுவருக்கு நேர் மேலே பேரன்களின் கட்டில் கிடக்கிறது. தலைக்குப் பதினாலு கிலோதான், ஆனால் கட்டிலிலிருந்து இரண்டும் சேர்ந்து குதிக்கும்போது அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இதுவரை சுவராவது கீழே நின்றது. வெள்ளிக்கிழமை அதுவும் போய்விட்டால், அந்தப் பிள்ளைகளுக்கும் ஹாலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

நானும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி என்றால் திருடன் வருவான் என்றேன். உடையாத கண்ணாடி, மூன்று பூட்டு என்றாள் மருமகள். பிள்ளைகள் கதவு திறந்திருப்பதாக நினைத்து முட்டிக்கொள்வார்கள் என்றேன். அதற்கு ஸ்டிக்கர் இருக்கிறதாம். தெருவே நம்மை வேடிக்கை பார்க்கும் என்றேன். "பின்னாடி ஏதுப்பா தெரு?" என்றான் பையன். இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டு, "பிளான்ல இருக்கறது எல்லாம் வீட்டுல இருக்கும்னு என்னம்மா நிச்சயம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஏன் சார், அம்மாவோட அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்க முடியுமா? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகையால் மச்சான், தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தங்கள் தங்கை உலகத்தில் ஒருவர் சொல்லுக்குத்தான் கட்டுப்படுவாள், அது தாங்கள்தான். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்து, அந்தச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அதட்டலாகச் சொல்லிவிடுங்கள். மண் சரியில்லை, காற்று சரியில்லை, எதையாவது சொல்லுங்கள். பீம் என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. என் மானத்தையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாகத் தங்கள் கையில் ஒப்படைக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், ஆனால் கடிதம் வந்ததைச் சொல்ல வேண்டாம். தாங்கள் இருவரும் நூறு வயது வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஹாலின் முன்பாதியில் மட்டும் நடமாடும்
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், போன் செய்ய வேண்டாம். மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கீழே டமார் என்று ஒரு சத்தம். வேறு வீட்டு வேலை தள்ளிப்போனதால் ஆட்கள் இன்றைக்கே வந்துவிட்டார்களாம். செருப்பில்லாமல் ஓடிப் போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "இடிக்காதீங்க! பீம் இல்ல! நான்தான் வேணாம்னு சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். பையன் பேயறைந்தது போல நின்றான். மருமகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இன்ஜினியர் பெண்ணின் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது. தங்கள் தங்கை மட்டும் சோபாவுக்குப் பழைய துணி போர்த்திக்கொண்டே, "தள்ளி நில்லுங்க, சட்டையெல்லாம் தூசி" என்றாள்.

தள்ளி நின்றேன். மேலே ஒரு முழம் பூச்சைக் கொத்தினார்கள். உள்ளே கான்கிரீட். கொஞ்சம் கொத்தியதும் கம்பி. என் சுண்டுவிரல் பருமன் இருக்கும், வரிசையாக.

நான் வெளியூர் போன அன்றே கொத்தனார் தங்கள் தங்கையிடம் வந்து, "அம்மா, ஐயா பீம் வேணாங்கறாரு. உங்க அண்ணன் வந்தா என் தோலை உரிச்சிடுவாரு" என்று அழாத குறையாகச் சொன்னாராம். "நீங்க போடுங்க, அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று இவள் சொல்லிவிட்டு, வேறு கம்பி ஆளையும் பிடித்து வந்தாளாம். ஆகவே தங்களிடம் நான் சொன்னது பொய்யே இல்லை என்று ஆகிறது. இதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

"முப்பத்தொரு வருஷமா ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். "குடி வந்த புதுசுல ஒரு மழை வந்துச்சு. நீங்க எந்திரிச்சு வந்து புள்ளையைத் தூக்கிக்கிட்டு, என் கையைப் பிடிச்சு முன்ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. விடியற வரைக்கும் எங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அதுக்கு முன்னாடி நான் வீட்டுல இருக்கேனா இல்லையான்னு கூட நீங்க திரும்பிப் பாத்தது கிடையாது. சரி, இந்தப் பயம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இந்தக் கடிதத்தைக் கிழிக்கக் கூடாது, அப்படியே அண்ணனுக்கு அனுப்புங்கள் என்பது அவள் உத்தரவு. அனுப்புகிறேன். சுவர் பாதி இறங்கிவிட்டது, ஹாலில் வெளிச்சம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன் மச்சான். அதைத் தங்கள் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் முகத்தில்தான் பயம் தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் உடனே எழுதவும்.