பள்ளிக்கூடம் போன டம்ளர்

"இப்பவாச்சும் அத்தத் தொடலாமாம்மா?" டம்ளரைக் காட்டி என் மகள் கமலா இரண்டு வருடங்களாகக் கேட்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. (ஆசிரியப் பயிற்சியில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.)

சித்தூரில் என் மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் டீக்கடையில் மோதிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சண்டை வகுப்புக்குள்ளும் வந்தது. ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். நாட்டின் ஒற்றுமையே என் வகுப்பை நம்பித்தான் இருக்கிறது என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.

ஒரு திட்டம் போட்டேன். முதல் நாள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பித்தளை டம்ளரில் தண்ணீர். தெலுங்குப் பிள்ளைகளுக்கு நசுங்கிய டம்ளரில். மறுநாள் மாற்றிக் கொடுப்பது. ஒதுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று இரண்டு பக்கமும் தெரிந்துகொள்ளும். நசுங்கிய டம்ளருக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்துக் கொட்டகையின் தாழ்ந்த கூரை விளிம்பில், எரவாணத்தில், ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருந்தது. எடுத்து, மூன்று முறை சாம்பல் போட்டுத் துலக்கினேன். (ஏன் மூன்று முறை என்று அன்று யோசிக்கவில்லை.)

வகுப்பில் உருக்கமாகப் பேசிவிட்டு டம்ளரை உயர்த்திப் பிடித்தேன். கடைசி வரிசையில் ராணி எழுந்தாள். எங்கள் வீட்டில் தோட்டம் பெருக்கி விறகு பிளக்கும் முனியம்மாவின் மகள்.

"டீச்சர், அது எங்கம்மா டம்ளரு."

கோபமே இல்லை. தொலைந்த பொருளை அடையாளம் காட்டுவதுபோலச் சொன்னாள். நான் வாய் திறப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து கமலா கேட்டாள்: "அத்த நாம தொடக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன? இப்ப நீயே புடிச்சிக்கினு நிக்கிற?"

தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். தெலுங்குப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் வேண்டிய ஒற்றுமை கிடைத்துவிட்டது. ராணி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் இனிப் பள்ளிக்கு வரமாட்டாள் என்றே பயந்தேன். மறுநாள் காலை முனியம்மாவுக்குப் பித்தளை டம்ளரில் காபி கொடுத்தேன்.

"என் டம்ளரு எங்கம்மா?"

பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டதாகச் சொன்னேன்.

"நான்தான் பள்ளிக்கூடம் போவல. அதுவாச்சும் போவட்டும்."

ராணியை அனுப்புவாயா என்று மெல்லக் கேட்டேன்.

"அவ அப்பவே பள்ளிக்கூடத்துக்குப் பூட்டா. இன்னிக்கு இன்னா எடுத்துக்கினு வருவீங்கன்னு பாக்கணுமாம்."

திருப்பதியில் வேலை பார்க்கும் என் கணவர் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே, "டம்ளர் இப்ப எந்தக் கிளாஸ்?" என்று கேட்கிறார்.

முனியம்மா அன்று காபி குடித்து, பித்தளை டம்ளரைக் கழுவி, பழைய வழக்கப்படி எரவாணத்தில் செருகிவிட்டுப் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குள் எடுத்து வந்தால் முனியம்மா என்ன நினைப்பாள், எடுக்காவிட்டால் ராணி என்ன நினைப்பாள் என்று யோசித்தே இரண்டு வருடம் போயிற்று. டம்ளர் அங்கேயேதான் இருக்கிறது. முனியம்மாவுக்குத் தினமும் அதில்தான் காபி. அலுமினியம் பித்தளையானதுதான் நான் செய்த சீர்திருத்தம்.

கமலாவிடம் "தொடலாம்" என்றால், "அப்ப ஏன் அங்கியே இருக்குது?" என்கிறாள். பிள்ளை வளர்ப்பவர்கள், பாடம் நடத்துபவர்கள் யாராவது சொல்லுங்களேன்: அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?